போடிக்குப் போகும் ரயில்

மதுரையிலிருந்து மேற்கே கிளம்பும் போடி ரயில், உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி என்று சுமார் 90 கிலோமீட்டர் ஓடி, போடிநாயக்கனூரில் நின்றுவிடும். அதற்கு மேல் மலை. இந்தப் பாதை போடப்பட்டதே அந்த மலைக்காகத்தான்.

மலை மேலே ஏலக்காய், காப்பி, தேயிலை விளைகின்றன. அந்தக் காலத்தில் மூணாறுத் தேயிலை மலை விளிம்பிலுள்ள டாப் ஸ்டேஷனுக்கு வந்து, அங்கிருந்து ரோப்வேயில் தொங்கியபடி அடிவாரத்திலுள்ள கொட்டகுடிக்கு இறங்கும். பிறகு மாட்டுவண்டியில் போடி. ரயிலில் ஏற்ற வேண்டுமென்றால் அங்கிருந்தும் அம்மையநாயக்கனூர் வரை, அதாவது இன்றைய கொடைக்கானல் ரோடு நிலையம் வரை, வண்டி கட்ட வேண்டும். 1928-ல் போடிக்கே ரயில் வந்ததும் அந்த அலைச்சல் குறைந்தது.

சரக்கை நம்பிப் போட்ட பாதைக்கு ஆயுசு கெட்டியில்லை. இரண்டாம் உலகப் போரின்போது இரும்பு தேவைப்பட்டது. தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். 1950-களில்தான் ரயில் திரும்பி வந்தது. அதற்குள் சாலையும் லாரியும் வளரத் தொடங்கிவிட்டன. மலைச்சரக்கு மெல்ல மெல்ல லாரிக்கு மாறியது.

2010 கடைசியில், அகலப் பாதையாக மாற்றுவதற்காக மீட்டர் கேஜ் ரயிலை நிறுத்தினார்கள். உசிலம்பட்டிக்கும் ஆண்டிபட்டிக்கும் நடுவே கணவாயில் பாறையை வெட்டி அகலப்படுத்த வேண்டியிருந்தது. பணம் வருவதும் தாமதமானது. பதினோரு ஆண்டுகளுக்கு மேல் தேனி மாவட்டத்தில் ரயிலே ஓடவில்லை. 2022 மே மாதம் தேனிக்கு வந்தது. 2023 ஜூனில் போடியைத் தொட்டது. கூடவே சென்னைக்கு நேரடி ரயிலும் கிடைத்தது.

இந்த முறை ரயில் வேண்டுமென்று கேட்டவர்கள் தோட்டத் துரைமார்கள் இல்லை. மதுரைக்குப் படிக்கவும், வைத்தியம் பார்க்கவும், வேலைக்கும் போகிற சனங்கள். கூடவே உள்ளூர் வியாபாரிகள். போடியில் ஏலக்காய் ஏலம் இன்றும் நடக்கிறது. ஆனால் இந்த ரயிலின் வருமானம் இனி மூட்டைகளில் இல்லை, டிக்கெட்டில்தான் இருக்கிறது. பாதை நிலைக்க வேண்டுமென்றால், ஊர்க்காரர்களுக்குத் தோதான நேரத்தில் ரயில் விட வேண்டும். நேரம் ஒத்துவராவிட்டால் சனங்கள் பஸ் ஏறிப் போய்விடுவார்கள்.