பிடித்துவிட்டால் வலி போகுமா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



பி.யு.சி. படித்தபோது இந்த மேடைப் பக்கமே வராத கடைசி பெஞ்சுக்காரன் நான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி படித்த கல்லூரியில் மருத்துவம் பேசுவது கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் காலையிலிருந்து பார்க்கிறேன், நம்ம செட்டில் பாதிப் பேர் முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் படியேறினீர்கள். இயன்முறை மருத்துவனுக்கு, அதாவது பிசியோதெரபிஸ்டுக்கு, இதைவிட நல்ல சபை கிடைக்குமா?

எங்களுக்கு ஆலங்குடிப் பக்கம். கடலைக்காட்டில் நாளெல்லாம் குனிந்து களையெடுத்துவிட்டு வரும் அம்மாவுக்கு, ராத்திரி நல்லெண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சி அப்பத்தா தேய்த்துவிடும். மாமியார் மருமகளுக்கா என்று சிரிக்காதீர்கள், எங்கள் வீட்டில் அப்படித்தான். சித்த மருத்துவத்தில் இதற்குத் தொக்கணம் என்று பெயர். தட்டல், இறுக்கல், முறுக்கல், அழுத்தல், இழுத்தல் என்று ஒன்பது வகை சொல்வார்கள். படித்து முடித்த புதிதில் இதையெல்லாம் கேலி செய்தவன் நான்.

அமெரிக்காவில் முழங்கால் மூட்டுத் தேய்மானம் உள்ள 222 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2018இல் வெளிவந்தது. ஒரு பிரிவினருக்கு வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் மசாஜ். இன்னொரு பிரிவினருக்குக் கையை உடம்பின்மேல் லேசாக வைத்திருப்பது மட்டும். மூன்றாவது பிரிவினருக்கு வழக்கமான வைத்தியம். சும்மா கைவைப்பது எதற்கு? ஒருவர் அன்பாகத் தொட்டாலே பாதி வலி போய்விடும். அதைக் கழித்துப் பார்த்தால்தானே மசாஜின் கணக்குத் தெரியும்! எட்டு வாரத்தில் மசாஜ் பிரிவினருக்கே வலியும் விறைப்பும் நன்றாகக் குறைந்திருந்தன. ஆனால் ஓராண்டு முடிவில், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தொடர்ந்தவர்களுக்கும் மற்றவர்களுக்கும் பெரிய வித்தியாசமில்லை. ஆக, வலி குறையும். நிரந்தரமாகத் தீர்க்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சியை விட்டுவிடவும் கூடாது.

முதுகுவலிக்கு 2011இல் வந்த ஆய்வில் 401 பேர். நுணுக்கமான மசாஜும் சாதாரண மசாஜும் ஏறக்குறைய ஒரே பலனைத்தான் தந்தன. காசு அதிகம் கேட்பவர்களிடம் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

2012இல் கனடாவில் 11 இளைஞர்களைக் களைக்கக் களைக்கச் சைக்கிள் மிதிக்கவைத்து, ஒரு காலுக்கு மட்டும் பத்து நிமிடம் மசாஜ் செய்தார்கள். இரண்டு தொடையிலிருந்தும் துளித் துளித் தசை எடுத்துப் பார்த்தார்கள். பிடித்துவிட்ட காலில் அழற்சிக்கான சமிக்ஞைகள் குறைந்திருந்தன. லாக்டிக் அமிலத்தின் அயனி வடிவமான லாக்டேட்டில் மாற்றமே இல்லை. 'அமிலத்தைப் பிழிந்து வெளியேற்றுகிறோம்' என்று நோயாளிகளிடம் வருஷக்கணக்காக அளந்துகொண்டிருந்தேனே, அது அன்றோடு போயிற்று!

ஒரு விஷயத்தை இதுவரை மேடையில் சொன்னதில்லை. அப்பாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷனுக்குப் பின் மூன்று வாரமாகப் படுக்கை. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருக்கிறதென்று அம்மா போனில் கேட்டது. "படுத்தே கிடக்கிறதால வந்த வீக்கம், எண்ணெய் போட்டு அழுத்தி நீவிவிடும்மா" என்றேன். போய்ப் பார்க்கவில்லை. மறுநாள் மூச்சுத்திணறல். காலின் ரத்தக்குழாயில் உறைந்திருந்த கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போயிருந்தது. அப்பா பிழைத்துக்கொண்டார். "நான்தான் அழுத்தித் தேச்சுட்டேன்" என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தது. சொன்னவன் நான்.

ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால், அடிபட்டு எலும்பில் சந்தேகம் இருந்தால், மூட்டு சிவந்து காய்ச்சலும் சேர்ந்தால், கைவைக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நடந்து போகாதீர்கள், வண்டி பிடியுங்கள்.

மாணவச் செல்வங்களே, தொக்கணம் படிக்கத் தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. நம் புதுக்கோட்டைக்கே 2017இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. அப்பத்தாவின் எண்ணெயையும் சும்மா கைவைக்கும் பிரிவோடு சேர்த்து யாராவது இங்கேயே முறையாகச் சோதித்துப் பாருங்கள். முழங்கால்களுக்குப் பஞ்சமில்லை, முன்வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறோம்.