சாவி யாரிடம் இருக்கிறது?



2004 டிசம்பர் 26. புதுச்சேரிக்குத் தெற்கே நல்லவாடு என்ற மீனவ கிராமம். அந்த ஊர் இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் இருந்தார். ஆழிப்பேரலைச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்தவர் வீட்டுக்குப் போன் போட்டார். ஊரில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் உதவி செய்து அமைத்த தகவல் மையம் பூட்டிக் கிடந்தது. ஊர்க்காரர்கள் கதவை உடைத்து, அங்கிருந்த ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். 3,000க்கும் மேற்பட்டோர் தப்பினார்கள். படகுகள்தான் போயின.

அந்தத் தொலைபேசி அழைப்பைப் பலரும் வியந்து பேசுவார்கள். என்னை நெகிழ வைப்பது ஒலிபெருக்கி. அலை எவ்வளவு உயரம், கடலுக்குப் போகலாமா கூடாதா என்று நாள்தோறும் சொல்லிவந்த குரல் அது. அந்தப் பழக்கம் இருந்ததால்தான் அன்றைக்கும் ஊர் நம்பி ஓடியது. ஆபத்து நாளில் மட்டும் புதிதாகக் கேட்கும் குரலுக்கு யார் எழுந்து ஓடுவார்கள்?

2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையைக் கடந்தது. எச்சரிக்கை வந்தால் ஆட்களை முகாமுக்கு அழைத்துப் போகலாம். தென்னந்தோப்பை எங்கே அழைத்துப் போவது? பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் மரங்கள் தோப்பு தோப்பாகச் சாய்ந்தன. புதுக் கன்று காய்க்க ஐந்தாறு ஆண்டுகளாவது வேண்டும். அரிசியும் போர்வையும் ஏற்றிய லாரிகள் சில வாரங்களில் நின்றுவிடும். கடன் தவணை நிற்காது.

மீட்பு என்பது அந்த ஐந்தாறு ஆண்டுகள்தான், பட்டம் பெறும் பிள்ளைகளே. அப்போதுதான் உங்கள் படிப்பு தேவைப்படும். பட்டா நில உடைமையாளர் பெயரில் இருக்க, பாடுபட்ட குத்தகைதாரர் நிவாரணப் பட்டியலுக்கு வெளியே நிற்பார். அவருக்கு மனு எழுதித் தாருங்கள். விழுந்த மரங்களை அறுத்து அகற்றுமுன் படம் எடுத்து, எண்ணிக் குறித்து வையுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் அவரோடு நீங்களும் போய் நில்லுங்கள்.

ஊருக்குப் போனதும், மழைக்காலத்துக்கு முன்பாகவே, ஒரு நாள் தெருத்தெருவாக நடந்து பாருங்கள். எந்த வீட்டில் படுத்த படுக்கையாய்ப் பாட்டி இருக்கிறார், எந்த வீட்டில் நிறைமாதக் கர்ப்பிணி, தூக்கிப்போக யார் வருவார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். புயல் பாதுகாப்பு மையத்தின் சாவி யாரிடம் இருக்கிறது, அவர் வெளியூர் போனால் யாரிடம் கொடுப்பார் என்றும் கேளுங்கள். நல்லவாட்டில் கதவை உடைக்க ஆட்கள் இருந்தார்கள்.