'உஸ்' சத்தம் கேட்டதும் இன்ஜினைப் பிரிக்க வேண்டாம்!
(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைக்கு லோடு வண்டி இன்ஜினில் வரும் 'உஸ்' சத்தத்தைப் பற்றிப் பேசப்போகிறோம். "அது டிரைவர் வேலை, நமக்கு எதுக்கு?" என்று சிலர் சிரிக்கிறீர்கள். வண்டி யார் பெயரில் இருக்கு? மாதத் தவணை யார் கட்டுகிறோம்? நாம்தானே! அப்படியானால் அதன் சத்தமும் நமக்குப் புரிய வேண்டும்.

நம்மில் ஒரு குழு, காய்கறி ஏற்றப் பழைய டீசல் வண்டி ஒன்றை வாங்கி ஓட்டுகிறது. அதில் 'உஸ்' என்று சத்தம் வந்தது. பட்டறையில், "இன்ஜினை இறக்கிப் பார்க்கணும்" என்றார்கள். செலவுக்குச் சேமிப்பில் இருந்து எடுக்கலாமா என்று தீர்மானம் எழுதும் அளவுக்குப் பேச்சு போய்விட்டது. அப்போது ஓர் உறுப்பினர், "சத்தம் எப்போ வருதுன்னு முதல்ல டிரைவர்கிட்ட கேளுங்க" என்றார். அந்தக் கேள்விதான் குழுவின் பணத்தைக் காப்பாற்றியது.

நம் வீட்டுக் குக்கரையே எடுத்துக்கொள்ளுங்கள். விசில் வழியாக ஆவி வந்தால் சரி. மூடியின் பக்கவாட்டில் 'உஸ்' என்று வந்தால் கேஸ்கட் போச்சு என்று புரிந்துகொள்கிறோம். அதற்காகக் குக்கரைத் தூக்கிப் போடுவதில்லை. இன்ஜினிலும் அப்படித்தான். காற்றோ, ஆவியோ, புகையோ எங்கோ ஓட்டை வழியாக வெளியேறுகிறது. எது, எங்கே என்று கண்டுபிடிக்க மூன்று கேள்வி போதும்: எப்போது வருது? எந்தப் பக்கம் வருது? கூடவே வேறு என்ன மாறியிருக்கு?

1. சுமையோடு மேடு ஏறும்போது மட்டும் சத்தம், பிக்கப் இல்லை, கரும்புகை வருது: டர்போ உள்ள வண்டியானால், அதிலிருந்து இன்ஜினுக்குக் காற்றுப் போகும் ஓஸ் கிழிந்திருக்கலாம், அல்லது கிளிப் தளர்ந்திருக்கலாம். இணைப்பைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மேலே சொன்ன குழுவின் வண்டியில் கோளாறு இதுதான். ஒரு ஓஸும் இரண்டு கிளிப்பும் மாற்றியதோடு சரியாகிவிட்டது.

2. வண்டியை நிறுத்திய பிறகும் சத்தம், ஆவி, கீழே தண்ணீர்ச் சொட்டு: ரேடியேட்டர் மூடி, ஓஸ் இவற்றில் கசிவு. சூட்டு முள் ஏறினால் உடனே ஓரம் கட்டி இன்ஜினை அணைக்க வேண்டும்.

3. 'புஸ் புஸ்' என்று விட்டு விட்டுச் சத்தம், இணைப்பில் கரி: புகைக்குழாய்ப் பக்கக் கேஸ்கட் அல்லது இன்ஜெக்டர் அடிப்பக்கம் கசியலாம். இந்தப் புகை கேபினுக்குள் வந்தால் உயிருக்கே ஆபத்து. மூடிய கொட்டகைக்குள் வண்டியை ஓடவிடவே கூடாது.

4. பிரேக் மிதிக்கும்போது மட்டும் 'உஸ்', மிதி கல் மாதிரி இறுகி இருக்கு: பிரேக்குக்கு உதவும் வேக்குவம் பைப்பிலோ பூஸ்டரிலோ கசிவு. இதைச் சரிபார்க்காமல் ஒரு லோடு கூட அனுப்பாதீர்கள். நம் பெண்களும் சந்தைக்கு அந்த வண்டியில்தான் போகிறார்கள்.

5. ரேடியேட்டர் தண்ணீர் அடிக்கடி குறையுது, இன்ஜின் ஓடும்போது தண்ணீர் டப்பாவில் தொடர்ந்து குமிழி, வெள்ளைப் புகை: ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். இது பெரிய வேலைதான். இதற்கு இன்ஜினைப் பிரிக்கச் சொன்னால் அதில் நியாயம் உண்டு.

ஏர் பிரேக் உள்ள பெரிய லாரியில் பிரேக்கை விடும்போது 'புஸ்' என்று காற்று போவது இயல்பு. ஆனால் இன்ஜினை அணைத்த பிறகும் விடாமல் சத்தம் வந்து, காற்று முள் மளமளவென்று இறங்கினால் கசிவு இருக்கிறது.

பார்க்கும்போது கவனம் தேவை. வண்டி சமதளத்தில், நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு நிற்கட்டும். முந்தானையைச் செருகிக்கொள்ளுங்கள், பின்னலை முடிந்துகொள்ளுங்கள். ஓடும் பெல்ட், ஃபேன் பக்கம் கை போகவே கூடாது. காதால் கேளுங்கள், கண்ணால் பாருங்கள். கையை வைத்துத் தேட வேண்டாம். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறப்பது, ஆவி அடங்காத குக்கரைத் திறப்பது மாதிரி. கொதிநீர் முகத்தில் அடிக்கும். நன்றாக ஆறிய பிறகே திறக்க வேண்டும். சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடலாம்.

பழுது பார்ப்பது மெக்கானிக்கின் வேலை. அவர் அனுபவத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் "உஸ்னு சத்தம் வருது" என்று மட்டும் சொல்லி வண்டியை விடாதீர்கள். "மேட்டில் மட்டும் வருது அண்ணே, பிக்கப் இல்லை, கரும்புகை இருக்கு" என்று சொல்லுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். "எங்கே கசியுதுன்னு காட்டுங்க" என்று கேளுங்கள். மாற்றிய பழைய பாகத்தையும் பில்லையும் வாங்கி வாருங்கள்.

வண்டி வைத்திருக்கும் குழுக்கள் இந்த மாதமே அதற்கென ஒரு நோட்டுப் போடுங்கள். சத்தம் வந்த தேதி, நேரம், என்ன மாறியது, என்ன செலவு என்று டிரைவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள். பத்து ரூபாய்க்குக் கணக்கு எழுதும் நமக்கு இது பெரிய காரியமா?