பொன் எடுத்தோர்க்குப் புழுதிதான் பரிசோ?

(தருமபுரிப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



தருமபுரியில் நின்றுகொண்டு கோலார் தங்கவயலைப் பற்றிப் பேசுவானேன் என்று கேட்பீர்கள். இம்மண் சேலம் மாவட்டத்தோடு இணைந்திருந்த நாளிலேயே வறட்சி விரட்ட, வயிறு துரத்த, மூட்டை முடிச்சுகளோடு அங்கே சென்றவர்கள் நம்மவர்கள்! வட ஆர்க்காட்டாரும் சேலத்தாரும் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிப் பாறை பிளந்தனர். பொன் மேலே வந்தது. பாறைத்தூள் அவர்தம் நுரையீரலில் தங்கியது. 1930-இல், குற்றவாளிகளைப்போல் விரல்ரேகை பதிக்கச் சொன்னது நிர்வாகம். மறுத்தனர், வேலைநிறுத்தம் செய்தனர். மானம் பெரிதென்று வாழ்ந்த மக்கள் அவர்கள்!

2001-இல் சுரங்கம் மூடப்பட்டது. பொன் போயிற்று, வேலை போயிற்று. போகாதது எது? பாறையை மாவாக்கி, சயனைடு கலந்து, பொன்னைப் பிரித்தபின் கொட்டிய கழிவு! 13 மேடுகளாய் அது நிற்கிறது. காற்றடித்தால் புழுதி அடுப்பங்கரைக்கு வருகிறது. மழை பெய்தால் கரைந்து நீர்நிலைக்கு ஓடுகிறது. தமிழர், கன்னடர், தெலுங்கர் என்று அப்புழுதி பேதம் பார்ப்பதில்லை.

அக்கழிவிலும் பொன் எஞ்சியிருக்கிறதாம்! மேடுகளை ஏலமிடும் மத்திய அரசின் திட்டத்துக்கு 2024-இல் கர்நாடக அமைச்சரவை இசைந்தது. நாடகக்காரன் நான்; ஒரு காட்சி சொல்கிறேன்.

ஏலதாரர்: மேட்டிலே பொன் இருக்கிறது!

ஊரார்: மேட்டடியிலே நாங்கள் இருக்கிறோம், ஐயா!

ஏலதாரர்: அது கணக்கில் வரவில்லையே!

தோழர்களே, அந்தக் கணக்கைத்தான் திருத்தவேண்டும். ஏலம் வேண்டாம் என்பதல்ல நம் வாதம். கிளறினால் புழுதி மேலும் பறக்கும். ஆகவே முதலில் புழுதிக்குத் தடுப்பு, குடிநீருக்குச் சோதனை, முதிய தொழிலாளிக்கு மருத்துவம். பொன் பிரித்தபின், மண் மூடி மரம் வளர்க்கும் பொறுப்பு எடுப்போரையே சாரவேண்டும். வேலை தேடி நாள்தோறும் பெங்களூருக்கு இரயிலேறும் இளைஞனுக்கு உள்ளூரிலேயே வேலை வேண்டும். சுரங்கத்தால் பாதிக்கப்பட்டோர் நலனுக்கென்றே 2015-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் மாவட்டக் கனிம அறக்கட்டளையை வகுத்தது. அந்த நிதி அந்த ஊருக்கே சேரட்டும்! கேட்பது பிச்சையன்று, பாக்கி!

நடக்குமா என்று ஐயுறுவோர்க்கு விடை தருமபுரியே! புளோரைடு நீர் குடித்துப் பல் பழுத்தது, எலும்பு வளைந்தது. தலைவிதி என்றனர். விதியன்று, நீரே காரணம் என்றது அறிவியல். 2008-இல் முதலமைச்சர் கலைஞர் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டினார். 2013-இல் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. மக்கள் கேட்டனர், அரசு அசைந்தது, காவிரி வந்தது!

ஆகவே, தங்கவயல் மக்கள் எழுப்பும் குரலோடு நம் குரலும் சேரட்டும். அன்று ரேகை பதிக்க மறுத்தோரின் பேரப்பிள்ளைகள் இன்று உரிமை மனுவில் ஒப்பமிடட்டும். அவர்கள் பெயருக்குக் கீழே நம் பெயரும் இருக்கட்டும்!