வீட்டைக் காக்கும் உரிமையும் அதன் எல்லையும்

(கிராம மக்கள் கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



களவு மிகுந்த காலங்களிலெல்லாம் நம் ஊர்களில் இரண்டு பேச்சுக்கள் எழுவதுண்டு. "என் வளவுக்குள் கால் வைத்தவனை வெட்டினாலும் சட்டம் என்னை ஒன்றுஞ் செய்யாது" என்பது ஒன்று. "கள்வன் கத்தியோடு வந்தாலும் நாம் கை ஓங்கக் கூடாது, ஓங்கினால் நாமே மறியலுக்குப் போகவேண்டும்" என்பது மற்றொன்று. இவ்விரண்டும் பிழை. முன்னதை நம்பியவன் கொலைக்குற்றஞ் சாட்டப்பட்டுக் கூண்டில் நிற்பான். பின்னதை நம்பியவன் தன் மனைவி மக்களைக் காக்கத் தவறுவான். ஆகவே சட்டம் உண்மையில் என்ன கூறுகின்றது என்பதை நாம் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

இந்நாட்டின் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டில் ஆக்கப்பட்டது. இந்தியாவில் 1860இல் இயற்றப்பட்ட கோவையே அதற்கு மூலம். அதன் 89ஆம் பிரிவு முதல் 99ஆம் பிரிவு வரை தற்காப்புரிமையைப் பற்றியன. தற்காப்புரிமையைச் செலுத்துகையிற் செய்யப்படும் எச்செயலும் குற்றமாகாது என்பது முதல் விதி. தன் உடலையும் பிறர் உடலையும், தன் பொருளையும் பிறர் பொருளையும் காக்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்பது அடுத்த விதி. அயல் வீட்டிலிருந்து அபயக்குரல் கேட்டு ஓடுகின்ற இளைஞனுக்கும் இவ்வுரிமை உண்டு என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

உரிமையைக் கொடுத்த அதே சட்டம் 92ஆம் பிரிவில் அதற்கு வேலியும் இட்டிருக்கின்றது. பாதுகாப்புக்கு வேண்டிய அளவுக்கு மேற்பட்ட தீங்கினைச் செய்தலாகாது. அரசாங்க அதிகாரிகளின் பாதுகாப்பை நாடுவதற்கு நேரமிருக்குமாயின் தற்காப்புரிமை எழுவதேயில்லை. நாளை இரவு கள்வர் வரக்கூடும் என்று இன்று காலை அறிந்தவன் செல்லவேண்டிய இடம் பொலிஸ் நிலையம்; கத்தி தீட்டும் கொல்லன் பட்டறையன்று.

பொருளைக் காப்பதற்காக உயிரைப் பறிக்கலாமா? நான்கு நிலைமைகளில் மட்டுமே 96ஆம் பிரிவு அதற்கு இடமளிக்கின்றது. கொள்ளை ஒன்று. இராக்காலத்தில் வீடுடைத்துப் புகுதல் இரண்டு. மக்கள் குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைத்தல் மூன்று. களவோ, நாசவேலையோ, வீட்டினுள் அத்துமீறலோ, உயிருக்கு அல்லது உடலுறுப்புக்குப் பெருங்கேடு விளையுமென நியாயமாக அஞ்சத்தக்க முறையில் நடைபெறுதல் நான்கு. பகலில் வேலிக்கு மேலாகக் கைநீட்டித் தேங்காய் பறிப்பவன் இவற்றுள் எதிலும் அடங்கான். அவனைத் தடுக்கலாம், பிடிக்கலாம், கொல்ல முடியாது. வளவுக்குள் வந்தவனெல்லாம் வெட்டுக்குரியவன் என்னும் பேச்சுக்குச் சட்டத்தில் ஆதாரமே கிடையாது.

இந்நான்கு நிலைமைகளிலுங்கூட, வேண்டிய அளவே செலுத்தலாம் என்ற வேலி நீங்குவதில்லை. விளக்கு ஏற்றியவுடன் ஓடத் தொடங்கிய கள்வனைத் துரத்திச் சென்று, படலைக்கு வெளியே முதுகில் வெட்டினால், அங்கே எதனைக் காத்தோம் என்று நீதிபதி கேட்பார். அபாயத்தோடு பிறந்த உரிமை அபாயத்தோடே மறைந்துவிடுகின்றது. வீடுடைத்துப் புகுந்தவன் உள்ளே இருக்கும் வரையில் அது நிலைக்கும் என்று 98ஆம் பிரிவு கூறுகின்றது. கள்வன் பொருளோடு தப்பிச் சென்றாலும், பொருள் மீட்கப்பட்டாலும், அதிகாரிகளின் உதவி கிடைத்தாலும் களவுக்கு எதிரான உரிமை முடிந்துவிடும்.

இங்கேதான் நம் ஊர்களின் பழைய வழக்கமொன்றைக் கண்டித்துப் பேச வேண்டியவனாகின்றேன். கள்வனைப் பிடித்துப் பனையிலோ மின்கம்பத்திலோ கட்டி, வருவோர் போவோர் எல்லாம் அடிக்கின்ற வழக்கம் அது. கட்டப்பட்டவனால் யாருக்கு என்ன அபாயம்? கயிறு இறுகிய கணத்திலேயே தற்காப்புரிமை முடிந்துவிட்டது. அதன் பின் விழும் ஒவ்வோர் அடியும் குற்றமாகும். ஐவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் கூடி ஒரே நோக்கோடு அதனைச் செய்தால் அது சட்டவிரோதக் கூட்டம். பொது நோக்கத்தை நிறைவேற்றுகையில் ஒருவன் செய்த குற்றத்துக்கு அக்கூட்டத்தினர் யாவரும் பொறுப்பாவர் என்பது 146ஆம் பிரிவு. அடிபட்டவன் இறந்துபோனால் நற்குடிப் பிள்ளைகள் பலர் ஒருங்கே கொலை வழக்கில் நிற்க நேரும். பிடித்தவனைத் தாமதமின்றிப் பொலிசாரிடம் ஒப்படைக்கும்படியே 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் தனியாட்களுக்குக் கட்டளையிடுகின்றது.

வேலியில் மின்சாரம் பாய்ச்சுவோருக்கும், கட்டுத்துவக்கு வைப்போருக்கும் ஒரு வார்த்தை. கம்பிக்குக் கண் இல்லை. கள்வனையும், கன்று தேடி வந்த அயலவரையும், பந்தெடுக்க வந்த பாலகனையும் அது பிரித்தறியாது. எதிரே நிற்கும் அபாயத்தை நோக்கிச் செலுத்தப்படுவதே தற்காப்பு. உறங்கிக்கொண்டு கொல்வது தற்காப்பாகாது.

உரிமையின் எல்லையைச் சற்று மீறியவனைச் சட்டம் முற்றாகக் கைவிடுகின்றதா? இல்லை. முற்சிந்தனையின்றி, வேண்டியதற்கு மேல் தீங்கு செய்யும் எண்ணமுமின்றி, நல்லெண்ணத்தோடு எல்லை கடந்து உயிர்ச்சேதம் விளைவித்தவனின் செயல் கொலையாகாது, கொலையாகாத குற்றமுள்ள மனிதக் கொலையாகும் என்று 294ஆம் பிரிவின் விதிவிலக்கொன்று கூறுகின்றது. கொலைக்கு விதிக்கப்படுவது மரண தண்டனை. 1976க்குப் பின் அது இங்கே நிறைவேற்றப்படவில்லையாயினும் சட்டப் புத்தகத்தில் இன்றும் உண்டு. மற்றதற்கு இருபது ஆண்டு வரை சிறை. அச்சத்தில் நடுங்கியவனின் கை தராசுபோல் நிறுத்து அடிக்க இயலாது என்பதைச் சட்டமும் உணர்ந்திருக்கின்றது. ஆயினும் சிறைவாசல் மூடிவிடவில்லை.

மேலும் ஒன்று. இங்கிலாந்தில் தற்காப்பு என்ற வாதத்தை எதிரி எழுப்பினால் அது பொய்யென்று அரசதரப்பே நிறுவ வேண்டும். இங்கே அவ்வாறன்று. சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 105ஆம் பிரிவின்படி, தற்காப்புக்காகவே செய்தேன் என்பதை எதிரியே நிறுவ வேண்டும். நியாயமான ஐயத்துக்கு அப்பால் நிறுவ வேண்டியதில்லை. அதுவே பெரிதும் நிகழ்ந்திருக்கக்கூடியது என்று காட்டினாற் போதும். 1942இல் நம் குற்றவியல் மேன்முறையீட்டு நீதிமன்றமும், 1969இல் ஜயசேனா வழக்கில் இலண்டன் கோமறைக் கழகமும் இதனை உறுதிப்படுத்தின. ஆகவே அசம்பாவிதம் நேர்ந்தால் உடனே 119க்கு அறிவியுங்கள். உடைந்த கதவையும், விழுந்த கத்தியையும், இரத்தக் கறையையும் தொடாதீர்கள். உங்கள் உண்மைக்கு அவைதாம் சாட்சி.

கதவைத் தட்டுவோர் அரசாங்க ஊழியராயிருந்தால் என்ன செய்வது என்று பலர் கேட்கின்றனர். கடமையின் பெயரால் நல்லெண்ணத்தோடு செயற்படும் ஊழியரின் செயலில் சட்டக்குறை இருந்தாலும், உயிராபத்தோ பெருங்காயமோ நேருமென்ற நியாயமான அச்சம் இல்லாதவிடத்து, அவரை எதிர்த்துத் தற்காப்புரிமை கிடையாது. ஆனால் அவர் ஊழியர் என்று அறியாதவனையும், அறியக் காரணமில்லாதவனையும் இவ்விதி கட்டாது. ஆதலால் சீருடையோ அடையாளமோ இன்றி இரவில் வருவோரை, நீங்கள் யார், எந்த நிலையத்தவர், ஆணை எங்கே என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. வருவோர் பெயர் சொல்லி வருவது அவர்கள் கடமை. அநீதி நடந்தால் அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் ஒரு மாதத்துக்குள் உயர்நீதிமன்றத்தை நாடலாம்.

பெரியோர்களே, வீட்டுக்குத் தீ வைப்பவனை உயிர் போகும் வரையும் எதிர்க்கலாம் என்ற விதி 1958இலும் சட்டப் புத்தகத்தில் இருந்தது. 1983 ஆடியிலும் இருந்தது. கும்பல் திரண்டு வந்தபோது, தனிமனிதன் கையில் இருந்த அவ்வுரிமை எத்தனை வீடுகளைக் காத்தது? அரசு வந்து சேரும் வரை குடிமகன் தாக்குப்பிடிப்பதற்கே சட்டம் தற்காப்புரிமையைத் தந்திருக்கின்றது. வரவேண்டிய அரசு வராமலிருப்பதற்கு அது சாட்டாக முடியாது. குடிமகன் தன் எல்லையை மீறினால் தண்டிக்கும் சட்டம், காக்கும் கடமையில் தவறும் அதிகாரத்தையும் அவ்வாறே கேள்வி கேட்க வேண்டும். அக்கேள்வியை நாம் விடாது கேட்போம். நம் கைகளையும் நீதியின் எல்லைக்குள் வைத்திருப்போம் என்று வேண்டி அமர்கின்றேன்.