கட்டடம் இருக்கு... சாவி யாருகிட்ட இருக்கு?

(மந்தைவெளி இளைஞர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம். முழுசா படிங்க, ஊர்ல இருக்கிற நண்பர்களுக்கும் அனுப்புங்க.)



நம்மில் பல பேருக்குச் சொந்த ஊர் வேற. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பஸ் பிடிக்கிறவங்கதான். அதனால ஒரு கேள்வி. உங்க ஊராட்சியில நூலகம் இருக்கா? இருந்தா, கடைசியா எப்போ திறந்தாங்க?

மந்தைவெளியில இருக்கிற ஒரு பையன் போட்டித் தேர்வுக்குப் படிக்கணும்னா, பக்கத்துல கோட்டூர்புரத்துல அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கு. கிராமத்துத் தங்கச்சிக்கு என்ன இருக்கு?

2006-ல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம், ஐந்து ஆண்டுகளில் தமிழ்நாட்டின் 12,618 ஊராட்சிகளையும் எட்டியது. நூலகமும் விளையாட்டுத் திடலும் அதில் முக்கியமான அங்கம். படிக்க ஒரு இடம், விளையாட ஒரு இடம். இளைஞர் மையத்துக்கு இதுதானே அடிப்படை! ஆனா அந்த நூலகங்கள் பல பிற்பாடு பூட்டியே கிடந்தன. கட்ட நிதி வந்தது. தினமும் சாயங்காலம் திறந்து உட்கார ஆள் வரல.

1931-ல் மன்னார்குடி பக்கம் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்ன செய்தார் தெரியுமா? மாட்டு வண்டியில புத்தகங்களை ஏத்தி, சுத்துப்பட்டு ஊர்களுக்கு அனுப்பினார். கட்டடத்துக்காக அவர் காத்திருக்கல. அவரும் ஓய்வுபெற்ற இன்ஜினியர்தான், நம்ம ஆளு!

நாம என்ன செய்யலாம்?

👉 சாவி ரெண்டு போடுங்க. ஒண்ணு ஊர்த் தெருவுல, இன்னொண்ணு காலனியில இருக்கட்டும். ஒரே தெருவுல சாவி இருந்தா, அடுத்த தெருப் பிள்ளை கேட்டு நிக்கணும். ரெண்டு நாள் கேட்பான், மூணாவது நாள் வரமாட்டான்.

👉 பொறுப்பாளர்கள்ல பாதிப் பேர் பெண்கள். வெளிச்சம் இருக்கும்போதே தங்கச்சிங்க வந்து போகிற மாதிரி நேரம் வையுங்க. கேரம் போர்டு வாசல்ல வேண்டாம். வாசலை அடைச்சு பசங்க நின்னா, எந்தப் பொண்ணும் உள்ளே வராது.

👉 வர ஒரு காரணம் கொடுங்க. குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தகுதி போதும். 200 கேள்விகளில் 100 தமிழில இருந்து. ஆறு முதல் பத்து வரைக்குமான பள்ளிப் புத்தகங்களும் ஒரு நாளிதழும் இருந்தா நாளைக்கே தொடங்கலாம். வாரம் ஒரு மாதிரித் தேர்வு வையுங்க.

👉 லைட், கழிப்பறை, தண்ணீர் இல்லையா? கிராம சபையில கேளுங்க. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருஷத்துக்கு ஆறு முறை கூடுது. வாயால சொன்னா போதாது, தீர்மானமா எழுதச் சொல்லுங்க.

👉 கொடி கட்டாதீங்க, நம்ம கொடியா இருந்தாலும் சரி. எதிர்க்கட்சிக்காரர் வீட்டுப் பிள்ளையும் தயங்காம உள்ளே வரணும்.

ஃபோன்ல நாம எவ்வளவோ பேசுறோம், டிரெண்ட் பண்றோம். தினம் ரெண்டு மணி நேரம் ஒரு கதவு திறந்திருந்தா, ஒரு வீட்டுல முதல் அரசு வேலை வரலாம். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது முதல் வேலையா அந்தச் சாவி யாருகிட்ட இருக்குன்னு விசாரிங்க.



#ஊருக்கொரு_படிப்பகம்