கொன்றவன் யார் ஆள்?



பென்னலூர் நிறுத்தத்தில் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் இளைஞர்களில் பெரும்பாலோர் 1991-க்குப் பிறகு பிறந்தவர்கள். ஸ்ரீபெரும்புதூர் என்றால் அவர்களுக்குக் கார் கம்பெனி, நைட் ஷிப்ட், வாடகை ரூம். அவர்களைப் பெற்றவர்களுக்கு அந்தப் பெயர் ஒரு இரவு.

1991 மே 21. காங்கிரஸ் வேட்பாளர் மரகதம் சந்திரசேகருக்கு ஓட்டுக் கேட்க வந்த முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி மனித வெடிகுண்டுக்குப் பலியானார். பாதுகாப்புக்கு நின்ற ஒன்பது போலீசாரும் செத்தார்கள். ராஜீவிடம் கவிதை சொல்லிக்காட்ட வந்த ஒரு சிறுமியும், அவளுடைய தாயும் செத்தார்கள்.

அந்த இரவு திடீரென்று வந்துவிடவில்லை. 1982 மே மாதம் சென்னை பாண்டி பஜாரில் விடுதலைப் புலிகள் தலைவர் பிரபாகரனும் பிளாட் இயக்கத் தலைவர் உமா மகேஸ்வரனும் நடுத்தெருவில் துப்பாக்கியால் மோதிக்கொண்டார்கள். கைதானார்கள், ஜாமீனில் வந்தார்கள். அதை 'போராளிப் பிள்ளைகளின் சண்டை' என்று சொல்லிக் கடந்துபோனோம். 1990 ஜூன் 19-ல் கோடம்பாக்கத்தில் ஈ.பி.ஆர்.எல்.எஃப். தலைவர் பத்மநாபாவையும் அவருடைய தோழர்களையும் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். அப்போதும், 'அவங்களுக்குள்ள தகராறு' என்றோம். அந்தக் கொலையில் பெயர் அடிபட்ட புலி சிவராசன்தான் பதினோரு மாதம் கழித்து ராஜீவைக் கொல்ல ஸ்ரீபெரும்புதூர் மைதானத்துக்கு வந்தவன். நம் மெத்தனமும் அவனுக்கு வழிவிட்டது என்றே நான் சொல்வேன்.

ராஜீவ் கொலைக்குப் பிறகு தமிழகம் கொதித்தது, நியாயமான கொதிப்பு. ஆனால் கொலையைக் கண்டித்து எழுந்த கூட்டமே, புலிகளுக்கு இடம்கொடுத்ததாகச் சொல்லி, தி.மு.க. அலுவலகங்களையும் தொண்டர்களின் வீடுகளையும் தாக்கியது. அடுத்து வந்த சட்டமன்றத் தேர்தலில் அக்கட்சி வென்றது இரண்டே இடங்கள். ஓட்டுப் போட்டுத் தண்டிப்பது ஜனநாயகம். தீ வைத்துத் தண்டிப்பதற்கு என்ன பெயர்? அதை அன்று உரக்கக் கேட்டவர்கள் குறைவு.

எரிப்பது வேறு கட்சிக்கும் தெரியும். 2000 பிப்ரவரி 2-ல் ஜெயலலிதாவுக்கு எதிராகத் தீர்ப்பு வந்ததும், தருமபுரியில் அ.தி.மு.க.வினர் கொளுத்திய பஸ்ஸில் வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் மூவர் கருகினார்கள். அந்த வழக்கில் தூக்குத் தண்டனை பெற்ற மூவருக்கும் அது பின்னர் ஆயுளாகக் குறைந்தது. 2018 நவம்பரில், எம்.ஜி.ஆர். நூற்றாண்டையொட்டி, அ.தி.மு.க. அரசே அவர்களை விடுவித்தது. அதே நேரத்தில், ராஜீவ் வழக்கின் கைதிகள் ஏழு பேரை விடுவிக்கச் சொன்ன அமைச்சரவைப் பரிந்துரை ஆளுநர் மாளிகையில் தூங்கிக்கொண்டிருந்தது.

பிறகு 2022 மே 18-ல் அந்த ஏழு பேரில் ஒருவரான பேரறிவாளனை உச்ச நீதிமன்றம் விடுவித்தது. முதலமைச்சர் ஸ்டாலின் அவரைக் கட்டித் தழுவினார். மறுநாள் தி.மு.க.வின் கூட்டணிக் கட்சியான காங்கிரஸ் வாயில் வெள்ளைத் துணி கட்டிப் போராடியது. நவம்பரில் மற்ற ஆறு பேரும் வெளியே வந்தார்கள்.

ராஜீவ் வழக்கில் தூக்கை எதிர்த்தவர்கள் எல்லோரும் கொலையை ஆதரித்தவர்கள் என்று சொல்ல மாட்டேன். அந்த ஏழு பேரில் ஒருவரான நளினிக்குக் கருணை காட்டச் சொன்னவர் ராஜீவின் மனைவி சோனியா காந்தியே. 2008-ல் மகள் பிரியங்கா வேலூர் சிறைக்குப் போய் நளினியைப் பார்த்தார். மன்னிக்க அவர்களுக்கு உரிமை உண்டு. அந்தக் கருணையையே கட்சிக் கொடிக்கு ஏற்றபடி அளந்து போடுகிறவர்களிடம்தான் எனக்கு வழக்கு. நம் ஆள் செய்தால் ஆவேசம், எதிராளி செய்தால் பயங்கரவாதம்!

ஆறு பேர் விடுதலையானபோது, குண்டு வெடித்த இரவு பணியில் இருந்து படுகாயத்தோடு தப்பிய ஒரு பெண் போலீஸ் அதிகாரி நிருபர்களை அழைத்துத் தன் எதிர்ப்பைச் சொன்னார். டிவி விவாதங்களில் அவருடைய குரல் எத்தனை நாள் கேட்டது?

ஸ்ரீபெரும்புதூரில், ஏழு தூண்கள் நிற்கும் நினைவிடத்தை 2003-ல் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் திறந்துவைத்தார். லீவு நாளில் ஒருமுறை போய்ப் பாருங்கள். அடுத்த முறை எங்காவது ஓர் அரசியல் கொலைச் செய்தி உங்கள் போனுக்கு வரும்போது, கொன்றவன் எந்தக் கட்சி என்று தேடும் முன், செத்தவர்கள் யார் யார் என்று முழுதாக ஒருமுறை படியுங்கள்.